22 எழுத்துக் கங்காணி

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "நீ சயன்சு படிச்சவன்தானே, எனக்கே தெரியாம எப்படிடா வயிறு பூரா பரவிச்சு?" அப்போது அவருக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்று கண்டறிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதற்கு முன் நான்கு மாதம் அவர் வயிற்று உப்புசம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் வாயு என்று எண்ணிச் சுக்குக் கஷாயமும் ஓமத் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். அன்று அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அந்தக் கேள்விக்குள் நமது பாடமாகிய இயற்பியலும் ஒளிந்திருப்பதைக் கண்டேன். அதைத்தான் மாணவர்களே, உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

தொழிற்சாலைக்குள் ஒரு பார்வை

நான் குடியிருக்கும் வடக்குப்பட்டு, ஒரகடத்துக்கு அருகில் இருக்கிறது. ஷிப்டு மாறும் நேரத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். காரும் லாரியும் அவற்றின் உதிரிப் பாகங்களும் செய்யும் தொழிற்சாலைகள் சுற்றிலும் இருக்கின்றன. அவற்றில் வேலை செய்யும் அண்ணன்மாரைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள். ஒரு பாகத்தின் மூல வரைபடம் ஆபீசில் பத்திரமாக இருக்கும். யாரும் அதை மிஷினுக்குப் பக்கத்தில் எடுத்துப் போவதில்லை. அதன் நகலும், எத்தனை செய்ய வேண்டும் என்று எழுதிய ஜாப் கார்டும்தான் லைனுக்கு வரும். கார்டு எத்தனை வருகிறதோ அத்தனை பாகம்.

உயிரணுவிலும் இதே ஏற்பாடுதான். உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. மூல வரைபடம். அதிலிருந்து எடுக்கும் நகல் தூது ஆர்.என்.ஏ. அது உட்கருவை விட்டு வெளியே வந்ததும் ரைபோசோம்கள் அதைப் படித்துப் புரதத்தைச் செய்கின்றன. இவ்வளவும் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

மனிதனுக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் அந்த 20,000 வரைபடங்களும் இருக்கின்றன. அப்படியிருக்க, தோலின் உயிரணு தோலாகவும் நரம்பின் உயிரணு நரம்பாகவும் இருப்பது எப்படி? எந்த வரைபடத்துக்கு நகல் எடுப்பது என்பதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நீண்ட காலம் இதைத்தான் முக்கியக் கட்டுப்பாடாக அறிஞர்கள் கருதி வந்தார்கள். ஆனால் நகல் எடுத்து லைனுக்கு வந்த பிறகும், "இந்தக் கார்டு வேண்டாம், நிறுத்து" என்று சொல்லும் ஒரு கங்காணி உள்ளே இருக்கிறான் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு மில்லிமீட்டர்ப் புழு சொன்ன சேதி

கங்காணியைக் காட்டிக்கொடுத்தது சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் புழு. மண்ணில் வாழும் இதன் நீளம் ஒரு மில்லிமீட்டர். இதில் லின்-4 என்ற மரபணு கெட்டுப்போனால் புழு முறையாக வளராமல் இளம் பருவத்தின் வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். லின்-14 என்ற இன்னொரு மரபணு கெட்டால் விளைவு நேர் எதிர். அமெரிக்காவில் விக்டர் ஆம்ப்ரோஸ் முதல் மரபணுவையும் கேரி ருவ்குன் இரண்டாவதையும் ஆராய்ந்தார்கள்.

லின்-4 எந்தப் புரதத்தையும் செய்யவில்லை! அது தந்ததெல்லாம் 22 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு ஆர்.என்.ஏ. மட்டுமே. 1992 ஜூன் மாதத்தில் ஒரு மாலை, இருவரும் தத்தம் எழுத்து வரிசைகளைப் பரிமாறிக்கொண்டார்கள். லின்-14 மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வுக்கு ஒரு நீண்ட வால் உண்டு. அந்த வாலில் சில இடங்கள் இந்தத் துண்டோடு, பூட்டோடு சாவி பொருந்துவதுபோல் பொருந்தின. 1993இல் இரு குழுவினரும் தம் முடிவுகளை வெளியிட்டனர். உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. புழுவுக்கு மட்டும் உரிய ஒரு விசித்திரம் என்று விட்டுவிட்டார்கள்.

2000ஆம் ஆண்டில் ருவ்குன் குழுவினர் லெட்-7 என்ற மற்றொரு துண்டைக் கண்டார்கள். அது புழுவில் மட்டுமல்ல, ஈயிலும் மீனிலும் மனிதனிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது. எங்கள் வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறையினர் தோண்டியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. ஊரே திரண்டு பார்த்தது. லெட்-7இன் வயதோடு ஒப்பிட்டால் அவை நேற்றுச் செய்தவை. புழுவும் மனிதனும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அத்தனை காலமும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்கிறதென்றால் அதன் வேலை எவ்வளவு இன்றியமையாததாக இருக்க வேண்டும்!

இத்தகைய குறுந்துண்டுகளுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர். மனிதனிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உண்டு. ஆம்ப்ரோசுக்கும் ருவ்குனுக்கும் 2024இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஏழு எழுத்துக் கணக்கு

மைக்ரோ ஆர்.என்.ஏ. முதலில் ஒரு நீண்ட இழையாக உட்கருவில் உருவாகிறது. டிரோஷா என்ற நொதி அதை உட்கருவுக்குள்ளேயே வெட்டிக் கொண்டை ஊசி வடிவத் துண்டாக்குகிறது. துண்டு வெளியே வந்ததும் டைசர் என்ற இன்னொரு நொதி மறுபடி வெட்டுகிறது. எஞ்சிய சுமார் 22 எழுத்து இழையை ஆர்கோநாட் என்னும் புரதம் கையில் ஏந்திக்கொள்கிறது. பொருத்தமான வால் உள்ள தூது ஆர்.என்.ஏ. எதிர்ப்பட்டால் பிடித்துக்கொள்ளும், புரதம் செய்யும் வேலை அங்கே தடைப்படும், பெரும்பாலும் அந்த நகலும் பிறகு சிதைக்கப்படும்.

இருபத்திரண்டும் பொருந்த வேண்டியதில்லை. இரண்டாவது முதல் எட்டாவது வரை உள்ள ஏழு எழுத்துகள் பொருந்தினாலே பெரும்பாலும் போதும். ஆர்.என்.ஏ.வில் உள்ள எழுத்துகள் ஏ, யு, ஜி, சி என நான்கு. ஆகவே ஏழு எழுத்துச் சொற்கள் மொத்தம் 4-ஐ ஏழு முறை பெருக்கினால் வரும் 16,384. தூது ஆர்.என்.ஏ.வின் வால் ஏறத்தாழ 1,000 எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஓர் ஏழெழுத்துச் சொல் தற்செயலாகவே சுமார் 16 வால்களுக்கு ஒன்றில் இருக்கும். 20,000 மரபணுக்களில் ஆயிரத்துக்கு மேல்! உயிரணுவில் இந்தக் கணக்கு அப்படியே பலிப்பதில்லை. எனினும் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான தூது ஆர்.என்.ஏ.க்களைக் கண்காணிக்கிறது என்பது உண்மை.

ஆனால் அதன் பிடி இறுக்கமானதன்று. பெரும்பாலான புரதங்களின் அளவை அது பாதிகூடக் குறைப்பதில்லை. விளக்கை அணைக்கும் சுவிட்சு என்பதைவிட வண்டியின் பிரேக்கை இலேசாக மிதிக்கும் கால் என்பதே சரி. இவ்வளவு மெல்லிய கால், ஓர் உயிரணுவின் குணத்தையே தலைகீழாக மாற்றுவது எப்படி? அதற்குச் சினைப்பைக்கு வர வேண்டும்.

பற்றிய கை விடுபடும்போது

சினைப்பை என்பதைப் பாடநூலில் அண்டகம் என்று படித்திருப்பீர்கள். அடிவயிற்றில் கருப்பையின் இருபுறமும் ஒவ்வொன்று, சுமார் மூன்று சென்டிமீட்டர் நீளம். இந்தப் புற்றுநோயின் மிகப் பரவலான வகை பல சமயம் சினைப்பையில் கூடத் தொடங்குவதில்லை. பக்கத்தில் இருக்கும் கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது என்பது இப்போதைய கருத்து. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 47,000 பெண்களுக்கு மேல் இந்நோய் புதிதாக வந்திருக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது.

பல புற்றுநோய்கள் இரத்தக் குழாய்க்குள் நுழைந்து தொலைதூர உறுப்புகளுக்குப் பரவும். சினைப்பைப் புற்றுக்கு இந்தச் சிரமம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. சினைப்பைக்கு வெளியே இருப்பது வயிற்றறை. அங்கே எப்போதும் சிறிது நீர் கசிந்து உறுப்புகள் உரசாமல் காக்கிறது. புற்று உயிரணு தாய்க் கட்டியிலிருந்து கழன்றால் நேராக இந்த நீரில்தான் விழும். மிதக்கும், குடல் அசையும்போது நீரோடு நகரும், குடலின் முன்னால் திரைபோல் தொங்கும் கொழுப்புத் திசுவில் ஒட்டி முளைக்கும். நாற்றங்காலில் விதை தெளித்தாற்போல் என்று எங்களுக்கு மருத்துவர் சொன்னார். அதில் வலி இல்லை, கட்டி கைக்குத் தட்டுப்படுவதும் இல்லை. நீர் பெருகிய பிறகே உப்புசம் தெரிகிறது.

கழல்வதும் ஒட்டுவதும்தான் இந்த நோயின் உயிர்நாடி. சாதாரணமாக ஒரு படலத்தில் உள்ள உயிரணுக்கள் ஈ-கேடெரின் என்னும் புரதத்தால் கைகோத்து நிற்கின்றன. ஸெப் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உட்கருவில் ஈ-கேடெரினின் வரைபடத்துக்கு நகல் எடுக்கவிடாமல் தடுக்கும். ஸெப் பெருகினால் கை விடுபடும். உயிரணு நீண்டு, தனியே நகரத் தொடங்கும். இந்த ஸெப் புரதத்தின் கார்டுகளைப் பிடித்து நிறுத்தும் கங்காணி மைக்ரோ ஆர்.என்.ஏ.-200 குடும்பம். 2008இல் பல ஆய்வுக்கூடங்கள் இதை ஏறத்தாழ ஒரே சமயத்தில் கண்டுபிடித்தன.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் பிரேக். ஆனால் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. ஸெப், கங்காணியின் சொந்த வரைபடத்துக்கும் நகல் எடுக்கவிடுவதில்லை! அவன் இவனை அடக்குகிறான், இவன் அவனை அடக்குகிறான். இப்போது என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கங்காணி சற்று ஓங்கினால் ஸெப் குறையும். ஸெப் குறைந்ததால் கங்காணி இன்னும் ஓங்கும். மாறாக ஸெப் சற்று ஓங்கினால் கங்காணி குறையும். அதனால் ஸெப் மேலும் ஓங்கும். சிறு தள்ளல் தானாகவே பெருகுகிறது. நம் வீட்டுச் சுவரில் உள்ள மின்சுவிட்சும் இப்படித்தான். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் காரணமாக அது பாதியில் நிற்காது. விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால் ஓரிடம் வரை ஒன்றும் நடக்காது. அதைத் தாண்டியதும் 'டக்'கென்று மறுபக்கம் விழும். விரலை எடுத்தாலும் அங்கேயே இருக்கும். மெல்லிய பிரேக் இரண்டைச் சேர்த்து எதிரெதிராகக் கட்டினால் நினைவாற்றல் உள்ள ஒரு சுவிட்சு கிடைக்கிறது. கணிப்பொறியில் ஒரு பிட் செய்தியைத் தாங்கும் ஃபிளிப்-ஃபிளாப் சுற்றும் இதே தத்துவந்தான்.

2013இல் ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் சில இயற்பியலாளர்கள் இந்தச் சுவிட்சுக்குச் சமன்பாடு எழுதித் தீர்த்தார்கள். அவர்களோடு கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்திருந்த மோகித் குமார் ஜாலியும் இருந்தார். பின்னர் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் தமது ஆய்வுக்கூடத்தை அமைத்தார். அவர்கள் கணக்கில் இரண்டு நிலை வரும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். மூன்று வந்தன! கைகோத்த நிலை, தனித்தலையும் நிலை, இரண்டுக்கும் நடுவே பாதிக் கை கோத்தபடியே நகரும் நிலை. மேடு பள்ளமான தரையில் உருட்டிய கோலி இரண்டு பெரிய குழிகளுக்கு நடுவே ஒரு சிறு குழியிலும் தங்குவதுபோல. நடு நிலையில் உள்ளவை தனியாகப் போவதில்லை, கும்பலாகப் போகின்றன. கும்பலாகப் போவதே அதிக ஆபத்து. தனியாகப் பிரிந்த உயிரணு எளிதில் மாண்டுபோகும்.

சினைப்பைப் புற்று நோயாளிகளின் வயிற்று நீரைக் கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் அத்தகைய கும்பல்கள் உருண்டை உருண்டையாக மிதப்பது தெரியும். அதே பெங்களூர்க் கழகத்தில் ராம்ராய் பட் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில் இவற்றை இரு வடிவமாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று முசுக்கொட்டைப் பழம்போல் புடைத்த கெட்டி உருண்டை. மற்றது உள்ளே குழிவான, வழுவழுப்பான உருண்டை. குழிவான உருண்டையைப் போர்த்தியிருக்கும் கொலாஜன் உறையை ஒரு நொதியால் கரைத்தபோது அது மறுபடி முசுக்கொட்டை வடிவத்துக்குத் திரும்பியது. பெரியம்மாவின் கேள்விக்கு விடை இந்த உருண்டைகளில்தான் இருக்கிறது.

நல்லவனா, கெட்டவனா?

அப்படியானால் மைக்ரோ ஆர்.என்.ஏ.-200 மிகுந்திருப்பது நல்லதுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 2007இல் சினைப்பைப் புற்றுத் திசுக்களை அளந்தவர்கள், நல்ல சினைப்பையில் இருப்பதைவிடப் புற்றில் அது அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். சினைப்பையின் மேலுறை உயிரணுக்கள் இயல்பிலேயே அவ்வளவு இறுகக் கைகோப்பவையல்ல. கட்டியாகத் திரள்வதற்கும் உருண்டையாக மிதப்பதற்கும்தான் கைகோக்க வேண்டியிருக்கிறது. திரளும்போது உதவுகிற கங்காணியே அலையும்போது தடையாகிறான். எந்தக் கட்டத்தில் அளந்தோம் என்பதைச் சொல்லாமல் இவனை நல்லவன், கெட்டவன் என்று சொல்வதில் பொருளில்லை.

மருந்து விஷயத்திலும் இவனுக்குப் பங்கு உண்டு. இந்நோய்க்குத் தரும் பாக்ளிடாக்செல் என்னும் மருந்து, உயிரணுவுக்குள் உள்ள நுண்குழல்களைப் பிடித்துக்கொண்டு உயிரணு பிரியாமல் தடுக்கிறது. அந்தக் குழல்கள் டியூபுலின் என்ற செங்கற்களால் ஆனவை. சில புற்றுகள் அதில் வேறொரு ரகச் செங்கல்லைக் கலந்து கட்டிவிடுகின்றன. மருந்து சரியாக வேலை செய்வதில்லை. மாற்று ரகச் செங்கல்லின் கார்டை நிறுத்துவது மைக்ரோ ஆர்.என்.ஏ.-200சி. அதைத் திரும்பச் சேர்த்தபோது உயிரணுக்கள் மருந்துக்கு மீண்டும் பணிந்தன என்று 2009இல் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். வேறொரு கங்காணியான மைக்ரோ ஆர்.என்.ஏ.-214 இதற்கு நேர் எதிராக, சிஸ்பிளாட்டின் மருந்தைத் தாங்கிப் பிழைக்கப் புற்றுக்கு உதவுகிறது.

கங்காணிகளை வெட்டித் தயாரிக்கும் டைசர், டிரோஷா நொதிகளே குறைந்தால்? அமெரிக்காவில் அனில் சூட் என்ற மருத்துவரின் குழு 111 பெண்களின் கட்டிகளை ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டது. 60 சதவீதக் கட்டிகளில் டைசரும், 51 சதவீதத்தில் டிரோஷாவும் குறைந்திருந்தன. இரண்டும் மிகுந்திருந்த பெண்களில் பாதிப்பேருக்கு மேல் 11 ஆண்டு கடந்தும் வாழ்ந்தார்கள். மற்றவர்களில் பாதிப்பேர் 2.66 ஆண்டுக்குள் இறந்துவிட்டார்கள்.

ஒரு துளி இரத்தம் போதுமா?

மைக்ரோ ஆர்.என்.ஏ. உயிரணுவுக்கு வெளியே இரத்தத்திலும் சிதையாமல் உலவுகிறது என்பது 2008இல் தெரிந்தது. அப்படியானால் இரத்தத்தைச் சோதித்தே நோயை முன்கூட்டி அறியலாமே! தொடக்கத்திலேயே கண்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து ஆண்டு தாண்டி வாழ்கிறார்கள் என்பதால் இந்த ஆசை நியாயமானதே. பல குழுக்கள் முயல்கின்றன. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள்.

2,500 பெண்களில் ஒருவருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் சோதனை அவரைத் தவறாமல் பிடித்துவிடும். நோயற்றவர்களில் நூற்றுக்கு 99 பேரைச் சரியாக விட்டுவிடும். அருமையான சோதனை அல்லவா? மிச்சமுள்ள 2,499 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் 25 பேரை அது நோயாளி என்று பொய் சொல்லும். ஆக, "இருக்கிறது" என்று சேதி வந்த 26 பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய். இந்நோயைச் சந்தேகமறத் தீர்மானிக்கப் பல சமயம் வயிற்றைத் திறக்க வேண்டும். 25 பேருக்கு வீண் அறுவை! பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு, வேறு வகை இரத்தச் சோதனையையும் ஸ்கேனையும் வைத்து நடந்த நீண்ட ஆய்வு 2021இல் முடிவைச் சொன்னது: அப்படிச் சோதித்ததால் இந்நோயால் இறப்பவர் எண்ணிக்கை குறையவில்லை.

ஆகவே இப்போதைக்கு நம் கையில் இருப்பது அறிகுறிகள் மட்டுமே. வயிற்று உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். இவை எல்லோருக்கும் எப்போதாவது வருபவைதாம். முன்பு இல்லாமல் புதிதாக வந்து இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், அதுவும் ஐம்பது வயதைக் கடந்தவருக்கு இருந்தால், கஷாயத்தோடு நிறுத்திவிடாமல் மகளிர் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் அம்மாவும் பாட்டியும் தம் உடம்பைப் பற்றி எத்தனை முறை வாய் திறக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

கங்காணியையே மருந்தாக்கினால்?

அந்த முயற்சியும் நடந்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ.-34ஐச் செயற்கையாகச் செய்து கொழுப்புத் துளிக்குள் அடைத்து, பலவகைப் புற்று நோயாளிகளுக்கு 2013 முதல் செலுத்திப் பார்த்தார்கள். சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றல் கட்டுக்கடங்காமல் கிளர்ந்து உயிரிழப்பும் நேர்ந்ததால் 2016இல் சோதனையை நிறுத்திவிட்டார்கள். நூற்றுக்கணக்கான கார்டுகளில் கை வைக்கும் கங்காணியை உடம்பு முழுவதும் அனுப்பினால், வேண்டாத இடத்திலும் அவன் வேலையைக் காட்டத்தானே செய்வான்.

சில புற்றுகளில் குறை இல்லை, மிகைதான் தொல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் கருணாகரன் குழுவினர் அடையாறு புற்றுநோய் நிலையத்தாருடனும் பிறருடனும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு நாக்குப் புற்றைப் பற்றியது. அங்கே மைக்ரோ ஆர்.என்.ஏ.-155 அளவுக்கு மீறிப் பெருகி, புற்றைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதத்தை அடக்கி வைத்திருந்தது. அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வை நீக்கியபோது புற்று உயிரணுக்கள் மாண்டன. அங்கே கங்காணியைச் சேர்ப்பதன்று, நீக்குவதே வழி.

சினைப்பைப் புற்றுக்கு அனில் சூட் குழுவினர் 2013இல் எலிகளில் ஒரு வழியைச் சோதித்தார்கள். ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வையும், ஒரே ஒரு கார்டை மட்டும் குறிவைக்கும் செயற்கை ஆர்.என்.ஏ. துண்டையும் சேர்த்து நுண்ணிய கொழுப்புத் துளிகளில் அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் தனியே கொடுத்ததைவிட இரண்டும் சேர்ந்தபோது கட்டி மிகவும் சுருங்கியது. எலிகளில்தான். சினைப்பைப் புற்றுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து எதுவும் இந்தக் கட்டுரை எழுதும் நாள்வரை ஒப்புதல் பெற்று வெளிவரவில்லை.